வீட்டுக்குள் இன்னோர் அடுப்பு!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகள் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடிக்கயிறு. நாற்காலி முதுகில் பனியன், ஜன்னல் கம்பியில் ஜட்டி, கதவின் மேல் பெட்ஷீட். ஃபேனை ஐந்தில் வைத்து, அதற்கு நேர் கீழே பிள்ளைகளின் யூனிஃபார்ம். இவ்வளவு பண்ணியும் மூன்றாம் நாள் துணியை எடுத்து முகர்ந்தால் ஒரு மக்கிய வாடை!

இந்தச் சமயம் பார்த்துத்தான், 'இனிமே கொடியும் வேணாம், கிளிப்பும் வேணாம்' என்று ட்ரையர் மெஷின்கள் நம்மைக் கூப்பிடுகின்றன. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்ட சமாச்சாரம் இது. இன்று பக்கத்துக் கடையில் மாதத் தவணைக்கே கிடைக்கிறது.

"வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தேவை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால், அதைத் துவைக்கிற மெஷினுக்குத் தம்பி என்று நினைத்து வாங்காதீர்கள். சமையலறையில் இருக்கிற கேஸ் அடுப்புக்குத் தம்பி என்று நினைத்து வாங்குங்கள்!

அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதில்லை. எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டுத் தூங்கப் போவதில்லை. அந்த ஜாக்கிரதையை ட்ரையருக்கும் காட்டத் தயாராக இருக்கிற வீட்டுக்கு அது நல்ல துணை. தயாராக இல்லாத வீட்டுக்குக் கொடிக்கயிறே மேல்!

எது ட்ரையர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இருக்கும் இரண்டாவது சின்னத் தொட்டியைத்தான் பல வீடுகளில் 'ட்ரையர்' என்று சொல்கிறோம். அது உண்மையில் ட்ரையர் இல்லை. துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வெளியே விசிறி அடிக்கிறது, அவ்வளவுதான். அதில் சூடே கிடையாது. மேலே திறக்கும் மெஷின்களில் 'ஏர் ட்ரை' என்று ஒரு பட்டன் இருக்கும். அதுவும் காற்றை உள்ளே இழுத்துச் சுழற்றுவதுதான். இந்த இரண்டிலும் எடுத்த துணி கையில் சொட்டாது. ஆனால், காய்ந்துவிட்டது என்று மடித்து அலமாரியில் வைத்தால் மறுநாளே வாடை அடிக்கும்.

நிஜமான ட்ரையர் சூடான காற்றைத் துணிக்குள் செலுத்தி, ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றுவது. இதில் சில வகைகள் உண்டு. ஆவியைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று. ஆவியைக் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்கி, ஒரு தொட்டியில் சேர்ப்பது இன்னொன்று. ஏ.சி. மாதிரியே கம்ப்ரஸர் வைத்து, அதே சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் 'ஹீட் பம்ப்' ரகம் மூன்றாவது. துவைப்பதும் காய வைப்பதும் ஒரே பெட்டியில் நடக்கிற வாஷர் ட்ரையரும் உண்டு. நம் ஊர் ஃபிளாட்டுகளில் இடம் குறைவு என்பதால் பலரும் தேடிப் போவது இந்தக் கடைசி ரகத்தைத்தான்.

ஈரத் துணி என்ன பண்ணும்?

"ரெண்டு நாள் ஈரத்தோட கிடந்தா என்ன? அயர்ன் பண்ணிப் போட்டுக்கலாம்" என்று சொல்பவர்கள் தோல் டாக்டரிடம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, கால் விரல் இடுக்கு... வியர்வையும் ஈரமும் தங்குகிற இடங்களில்தான் படர்தாமரை வந்து உட்காரும். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக நம் நாட்டில் படர்தாமரை சட்டென்று அடங்காத வியாதியாக மாறியிருக்கிறது. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சையும் இதற்குக் காரணம். 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயரையே தன் பேரில் வைத்திருக்கிற பூஞ்சை! கடையில் நாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இந்த வியாதியை இன்னும் சிக்கலாக்கிவிட்டன.

இதற்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் மாத்திரை, களிம்போடு துணி விஷயத்தையும் சேர்த்தே சொல்வார்கள். வியாதி உள்ளவரின் துணியைத் தனியாக, சுடுதண்ணீரில் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நல்ல வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள். ஈரம் இருந்தால் போடாதீர்கள். துண்டைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் உள்ளாடையை உள்பாவாடைக்கு அடியில், துண்டுக்குப் பின்னால், குளியலறை மூலையில் மறைத்துத்தான் காயப்போடுகிறார்கள். வெயிலே படாத இடத்தில், காற்றே இல்லாத மூலையில்! உடம்பில் நாள் முழுக்க ஒட்டியிருக்கும் துணிதான் முதலில் நன்றாகக் காய வேண்டிய துணி. ஆம்பளை பனியன் முன்வாசல் கொடியில் ஆடும்போது பெண்ணின் உள்ளாடைக்கு மட்டும் என்ன ஒளிவுமறைவு? இந்தப் பழக்கத்தை அம்மாக்கள்தான் மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே கொடி கட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து கிலோ துணியை மெஷினில் பிழிந்து எடுத்தாலும், அதில் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். அந்த மூன்று லிட்டரும் நம் ஹால் காற்றில்தான் கலக்கிறது. ஜன்னலையும் சாத்திவிட்டால் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். இழுப்பு, தும்மல் உள்ள குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இது ஆகவே ஆகாது.

ஆக, அடைமழை மாதங்களில் ட்ரையருக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஏன் அடுப்பு என்கிறேன்?

காயும் துணி உள்ளே புரளப் புரள, அதிலிருந்து பஞ்சு மாதிரி தூசி உதிரும். துண்டு, நைட்டி, வேட்டி என்று பருத்தித் துணி அதிகம் புழங்கும் நம் வீட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே உதிரும். விளக்குத் திரி எதில் செய்கிறோம்? பஞ்சில்தானே! காய்ந்த பஞ்சு, சூடான காற்று, பக்கத்திலேயே ஹீட்டர் கம்பி. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

சும்மா பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ட்ரையர் இருக்கும் அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரையிலான கணக்கை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் எடுத்துப் பார்த்தது. குடியிருப்புகளில் ட்ரையரால் ஆண்டுக்குச் சராசரியாக 2,900 தீ விபத்துகள். 5 சாவுகள். 100 பேருக்குக் காயம். காரணங்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? மெஷின் கோளாறுக்கு இல்லை. 'சுத்தம் செய்யாமல் விட்டது' என்பதற்கு! நூற்றுக்கு 34 விபத்துகள் அதனால்தான்.

மெஷினே கோளாறாக இருந்த கதையும் உண்டு. லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் 2016 ஆகஸ்ட் 19-ம் தேதி தீப்பிடித்தது. அணைக்க 120 தீயணைப்பு வீரர்கள் வர வேண்டியிருந்தது. ஆரம்பித்த இடம், ஒரு வீட்டிலிருந்த ட்ரையர். பஞ்சு போய் ஹீட்டரில் படக்கூடும் என்று முந்தைய ஆண்டே எச்சரிக்கை விடப்பட்டிருந்த ரகம் அது! நல்லவேளையாக மெஷின் ஓடும்போது வீட்டில் ஆள் இருந்தார்கள். புகையைப் பார்த்ததும் தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது இது நடந்திருந்தால்?

அதனால்தான் தீயணைப்புத் துறையினர் எந்த நாட்டிலும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதும், தூங்கும்போதும் ட்ரையரை ஓட விடாதீர்கள். 'ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலைல ரெடி' என்று கடைக்காரர் சொன்னால், அவர் சொல்வது சௌகரியம். அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு தடவை காய வைத்து முடித்ததும் பஞ்சு வலையை எடுத்துக் கையால் வழித்துச் சுத்தம் செய்யுங்கள். 'வாரத்துக்கு ஒரு தடவை' என்பது போதாது. மாதம் ஒரு தடவை அந்த வலையைக் குழாயில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் வழியாமல் தேங்கி நின்றால், துணிக்கு வாசனை சேர்க்கும் கண்டிஷனர் அதில் படலமாகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். சோப்பு போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு மாட்டுங்கள். பல வாஷர் ட்ரையர்களில் தனியாகப் பஞ்சு வலை இருக்காது. பஞ்சு தண்ணீரோடு கீழே போய், அடியில் இருக்கும் பம்ப் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். அதைத் திறந்து சுத்தம் செய்வது எப்படி என்று மெஷின் மாட்ட வருகிறவரிடம், அவர் கிளம்புவதற்கு முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எண்ணெய்த் துண்டு... ஜாக்கிரதை!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தீபாவளிக் குளியல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடுவது, மூட்டு வலிக்குத் தைலம், தலைக்கு எண்ணெய் வைத்து அழுக்கேறிய தலையணை உறை, அடுப்படியில் எண்ணெய் துடைத்த கரித்துணி... நம் வீட்டுத் துணியில் எண்ணெய் புழங்குகிற மாதிரி வேறெங்கும் புழங்காது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றோடு மெதுவாக வினைபுரிகிற குணம் உள்ளவை. அந்த வினையில் சூடு பிறக்கும். கொடியில் விரித்துப் போட்ட துண்டில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ட்ரையரில் சூடேறி, மூட்டையாகக் குவிந்து கிடக்கும் துண்டில் எங்கே போகும்? உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலேயே புகைந்து பற்றிக்கொள்ளும்.

எண்ணெய்த் துணிகளை மொத்தமாகத் துவைத்துக் காய வைக்கும் லாண்டரிகளில் இப்படித் தீப்பிடித்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. 'துவைச்சுட்டுத்தானே போடறோம்?' என்று கேட்கலாம். பச்சைத் தண்ணீரில், குறைந்த சோப்பில், அவசர கதியில் துவைத்த துண்டில் எண்ணெய் முழுசாகப் போவதில்லை. துவைத்த பிறகு முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாசனை இருந்தால் ட்ரையர் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. எண்ணெய்க் குளியல் துண்டு என்று இரண்டைத் தனியாக ஒதுக்கி வைத்து, சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் மட்டுமே காயப்போடுவது உத்தமம்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன், நகப்பூச்சு அழிக்கும் திரவம், ஸ்பிரிட் பட்ட துணிக்கும் இதே விதிதான். பாக்கெட்டில் லைட்டரோ தீப்பெட்டியோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் எந்தப் பேன்ட்டையும் உள்ளே போடாதீர்கள்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

துணியில் தைத்திருக்கும் சின்ன லேபிளை 'குத்துது' என்று வாங்கின அன்றே கத்தரித்துப் போட்டுவிடுகிறோம். அதில்தான் விஷயம் இருக்கிறது. சதுரத்துக்குள் ஒரு வட்டம் இருந்தால் ட்ரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, அதிகபட்சம் 60 டிகிரி. இரண்டு புள்ளி என்றால் சாதாரணச் சூடு, 80 டிகிரி வரை. அந்தக் கட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் கூடவே கூடாது. சதுரத்தின் மூலையில் இரண்டு சாய்வுக் கோடுகள் இருந்தால் நிழலில் காய வை என்று அர்த்தம். லேபிள் இல்லாத துணிக்கு இதோ ஒரு பொதுக் கணக்கு:

பருத்தித் துண்டு, பெட்ஷீட், வேட்டி, பனியன்: சாதாரணச் சூடு தாங்கும். புதுத் துணி முதல் சில தடவை கொஞ்சம் சுருங்கும். பருத்தியில் இயல்பாகவே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரம் இருக்கும். அதையும் உறிஞ்சும் அளவுக்குக் காய விட்டால் நூல் மொறமொறத்துச் சீக்கிரம் கிழியும்.

பள்ளி யூனிஃபார்ம், டெரிகாட்டன், பாலியஸ்டர்: குறைந்த சூடு. இவை சீக்கிரம் காயும். துண்டு, ஜீன்ஸோடு சேர்த்துப் போட்டால் அவை காய்வதற்குள் இவை வெந்துவிடும். தனியாகப் போடுங்கள்.

ரேயான், விஸ்கோஸ் குர்தி: வேண்டாம். முழங்காலுக்குக் கீழே இருந்த குர்தி இடுப்புக்கு ஏறிவிடும்.

லெக்கிங்ஸ், எலாஸ்டிக் உள்ளாடை: சூடு எலாஸ்டிக்குக்கு எமன். பருத்தி ஜட்டியைக் குறைந்த சூட்டில் போடலாம். கம்பியும் பஞ்சும் வைத்த பிராவை ஒருபோதும் போடக் கூடாது.

பட்டு, ஜரிகை, கைத்தறிப் புடவை, சமிக்கி, கண்ணாடி ஒட்டியது: நினைத்தே பார்க்காதீர்கள். நிழல், காற்று, பொறுமை. இவற்றுக்கு இந்த மூன்றும்தான் வேண்டும்.

கம்பளி ஸ்வெட்டர்: புரண்டு புரண்டு நூல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அப்பா ஸ்வெட்டர் பிள்ளைக்கு ஆகிவிடும். தரையில் துண்டு விரித்து, பரப்பி வைத்துக் காய விடுங்கள்.

ரப்பர் ஷீட், மழைக்கோட்டு, ஸ்பாஞ்ச் தலையணை, ரப்பர் அடி வைத்த மிதியடி: இவற்றில் போவது மானமோ காசோ இல்லை, உயிர்! ரப்பரும் ஸ்பாஞ்சும் சூட்டில் தீப்பிடிக்கக் கூடியவை. குழந்தை படுக்கைக்குக் கீழே போடும் ரப்பர் ஷீட்டைத் துடைத்து, காற்றாடப் போட்டால் போதும்.

இன்னொன்று. வாஷர் ட்ரையரில் 8 கிலோ துவைக்கலாம் என்று போட்டிருந்தாலும், காய வைப்பது 5 கிலோதான் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். துவைத்ததை அப்படியே விட்டுக் காய வைத்தால் நடுவில் ஈரம், வெளியே வேக்காடு. பாதியை எடுத்து வெளியே போடுங்கள்.

அந்தப் பாதியில் எது வெளியே, எது உள்ளே? இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. பெரிய பெட்ஷீட்டையும் ஜீன்ஸையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, சின்னத் துணிகளைக் குளியலறைக் கொடியில் ஊசலாட விடுகிறோம். மாற்றிச் செய்யுங்கள். மழைக்காலத்தில் மெஷினில் முதல் மரியாதை பருத்தி உள்ளாடை, காலுறை, துண்டு, கைக்குழந்தையின் துணிகள் ஆகியவற்றுக்கு. ஜீன்ஸ் இரண்டு நாள் ஃபேனில் தொங்கட்டும். குடி முழுகிவிடாது. துண்டுக்குக் கண்டிஷனர் போடாதீர்கள். பூப்போல மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது.

கரன்ட் போனால்?

வெளிநாட்டு ட்ரையர் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். 'கடைசி சில நிமிடம் சூடில்லாத காற்றில் ஓடி, துணி ஆறிய பிறகே மெஷின் நிற்கும். நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடனே துணியை எடுத்து உதறி விரியுங்கள்.' துணி குவியலாகச் சூட்டோடு உள்ளே கிடக்கக் கூடாது என்பதுதான் அதன் உட்பொருள்.

நம் ஊரில் மெஷினை நாம் நிறுத்த வேண்டியதில்லை. மின்வாரியமே நிறுத்திவிடும்! மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? காய வைக்கும்போது கரன்ட் போனால் செய்ய வேண்டியது இதுதான். ஸ்விட்ச்சை அணையுங்கள். கதவு திறந்ததும் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள். 'கரன்ட் வந்ததும் அதுவே ஓடிக்கும்' என்று விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வீட்டில் ஆள் வேண்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் அளவுக்கு இழுக்கும் மெஷின் இது. எர்த் சரியாக உள்ள பவர் பிளக்கில் நேராகச் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்கக் கூடாது. பிளக் சுடுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கண்ணாமூச்சி ஆடுகிற வயதில் குழந்தைகள் இருந்தால், மெஷின் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். போடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போடுங்கள். சில வீடுகளில் பூனை படுத்திருக்கும்!

வெயிலை ஏன் துரத்துகிறோம்?

கொஞ்சம் செலவுக் கணக்கும் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, இயற்கை விதிப்படியே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் வேண்டும். ஐந்து கிலோ துணியில் இருக்கும் மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சாதாரண ஹீட்டர் மெஷினில் மூன்று யூனிட் வரை போகும். ஹீட் பம்ப் ரகத்தில் பாதி செலவு, ஆனால் விலை அதிகம். சில வாஷர் ட்ரையர்கள் ஆவியைக் குளிர வைப்பதற்கென்றே குழாய்த் தண்ணீரையும் செலவழிக்கும். லாரித் தண்ணீர் வாங்குகிற ஃபிளாட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க எளிய வழி, காய வைப்பதற்கு முன்னால் அதிக வேகத்தில் ஒரு தடவை பிழிய விடுவது. பிழிவதற்கு ஆகிற மின்சாரம் சூடாக்குவதற்கு ஆவதில் ஒரு துளிதான். இன்னொரு வழி, முக்கால் பதம் காய்ந்ததும் எடுத்து உதறி, ஃபேன் காற்றில் மீதியை ஆற விடுவது. துணியும் பிழைக்கும், பில்லும் பிழைக்கும்.

தை பிறந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் நம் தலைக்கு மேலே ஓசியில் ஒரு ட்ரையர் எரிகிறது. இரண்டு மணி நேரத்தில் பெட்ஷீட் அப்பளமாகிவிடும். அப்படி இருந்தும் நம் அபார்ட்மென்ட்டுகளில் என்ன நடக்கிறது? 'பால்கனியில் துணி தொங்கினால் பில்டிங் அழகு கெட்டுடும்' என்று அசோஸியேஷன் நோட்டீஸ் ஒட்டுகிறது. மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது! கடைசியில், வெயில் கொளுத்தும் சித்திரையிலும் கதவைச் சாத்திக்கொண்டு கரன்ட்டில் துணி காய வைக்கிற கூத்து.

எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடு இல்லை. காய்ந்த துணி உடுத்துவது ஆரோக்கிய விஷயம். அதற்கு இடம் கொடுக்காத அழகு எதற்கு? மாடியில் முறை வைத்துக் கொடி கட்டிக்கொள்ளலாம், பின்பக்க பால்கனியில் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே ஸ்டாண்டு போட்டுக்கொள்ளலாம் என்று அசோஸியேஷன் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் மாடுலர் கிச்சனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "துணி எங்கே காயப்போடறது?" என்று பில்டரைக் கேளுங்கள்.

மெஷின் விற்கிறவர்களிடமும் ஒரு கேள்வி. பல வீடுகளில் இந்த மெஷினைத் தினமும் இயக்கப்போவது யார்? மாமியார், அல்லது வேலைக்கு வருகிற அம்மா. எச்சரிக்கையெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தில் பொடி எழுத்தில் இருந்தால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? 'எண்ணெய்த் துணி போடாதே, ரப்பர் போடாதே, பஞ்சை எடு, ஆள் இல்லாதபோது ஓட்டாதே' என்று நாலு வரி தமிழில் மெஷின் கதவிலேயே ஒட்டித் தர முடியாதா? அவர்கள் தரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடலாம். வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், லீவுக்கு வந்திருக்கிற பாட்டிக்கும், காலேஜ் போகிற பிள்ளைக்கும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குறிப்பாகப் பிள்ளைக்கு! பஞ்சு வலையைச் சுத்தம் செய்வதை அவன் வேலையாகவே கொடுத்துவிடுங்கள்.